அம்மையும் மாத்திரையும்

காய்ச்சலும் உடம்பில் செந்தடிப்பும் சேர்ந்து வந்தால் கொங்கு நாட்டு வீடுகளில் முதலில் வாயில் வரும் சொல் 'அம்மை' என்பதே. அது நோயின் பெயர் மட்டுமன்று; வீட்டுக்கு வந்திருப்பவள் யார் என்பதற்கான விடையும் அதுவே. வாசலில் வேப்பிலை செருகப்படும். அடுப்படியில் தாளிப்பது நிற்கும். வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள். படுத்திருப்பவருக்கு இளநீரும் மோரும் கூழும் மட்டுமே. ஊசியும் மாத்திரையும் கூடா என்பது எழுதப்படாத விதி. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் செல்லும் சாலையில், திம்பம் மலை ஏறத் தொடங்குமிடத்தில் பண்ணாரி மாரியம்மன் இருக்கிறாள். பங்குனிக் குண்டத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் கூடும் அக்கோயிலில் திருநீற்றுக்குப் பதிலாகப் புற்றுமண்ணைத்தான் கொடுப்பார்கள். மலையடிவாரத்து மக்களுக்கும் மலைமேலிருக்கும் ஆசனூர், தாளவாடி மக்களுக்கும் அம்மை என்பது அவளுடைய வருகை.

இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் காணப்பட்டது 1975இல். 1980இல் அது உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நோய் போய்விட்டது, சொல் போகவில்லை. சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் அது இன்றும் பொருந்துகிறது. ஆனால் கடந்த எண்பதாண்டுகளில் அம்மையின் உருவத்தோடு இன்னொன்றும் நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. அதே காய்ச்சல், அதே தடிப்பு, வாயில் புண், சிவந்த கண்கள். பார்ப்பதற்கு அம்மை, வந்த வழி வேறு. அது நாம் விழுங்கிய மாத்திரையின் வழியாக வந்தது.

மருந்தே தோலைச் சுடும் இந்த நிகழ்வின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு நாம் நினைப்பதைவிடப் பெரிய இடம் உண்டு. செங்கல்பட்டும் சேத்துப்பட்டும் நாமக்கல்லும் அதில் வருகின்றன. அந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் ஒருமுறை சொல்லிப் பார்க்கவேண்டும் என்பது நம் நெடுநாளைய எண்ணம்.

தொடங்குமுன் ஒன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். அதன் பத்துக் குறள்களில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முந்தைய உணவு செரித்ததை அறிந்து உண்பது பற்றித்தான் பெரும்பகுதி பேசுகிறது. கடைசிக் குறள் மட்டும் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, பிறகு அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்பவன். அந்த நான்காமவனை வள்ளுவர் மற்ற மூவருக்கும் நிகராக வைத்தது ஏன் என்பதற்கு, நாம் சொல்லப்போகும் வரலாறு ஒரு நல்ல உரை.

*

1922ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஃபிராங்க் ஜான்சன் என்ற இரு குழந்தை மருத்துவர்கள் ஏழு, எட்டு வயதான இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். விடாத காய்ச்சல், உடலெங்கும் புதுவிதமான தடிப்பு, வெந்துபோன வாய், கடுமையாகப் பாதிக்கப்பட்ட கண்கள். மருந்தின் விளைவாக இருக்கலாம் என்ற எண்ணம் அன்று வலுப்பெறவில்லை. இன்று மருத்துவ நூல்களில் அவ்விருவர் பெயராலேயே அது ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்க்குறி எனப்படுகிறது.

1956இல் ஸ்காட்லாந்தின் ஆலன் லைல் நான்கு நோயாளிகளை விவரித்தார். கொதிநீர் ஊற்றினாற்போல் அவர்களுடைய தோல் உரிந்திருந்தது. மேல்தோல் உயிரிழந்து, விரலால் லேசாகத் தள்ளினால் ஈரக்காகிதம்போல் நழுவும் நிலை. அதற்கு அவர் 'நச்சு மேல்தோல் சிதைவு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். இவ்விரண்டும் ஒரே நோயின் இரு அளவுகள் என்பதே இன்றைய கருத்து. உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகத் தோல் கழன்றால் முதலாவது. முப்பது விழுக்காட்டுக்கு மேல் கழன்றால் இரண்டாவது. முதலாவதில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். இரண்டாவதில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இறக்கிறார்.

தோல் போனால் உயிர் ஏன் போகிறது என்று கேட்கலாம். தோல் என்பது உடம்பின் போர்வை மட்டுமன்று. அது நீரை உள்ளே தேக்கி வைக்கும் கரை. சூட்டைக் காக்கும் சுவர். கிருமியைத் தடுக்கும் மதில். அது கழன்றவருக்கு உடம்பின் நீர் வழிந்துபோகிறது, குளிர் நடுக்குகிறது, கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. தீக்காயம் பட்டவருக்கு நேர்வது எல்லாம் இவருக்கும் நேர்கிறது, தீயில்லாமலே. பிழைத்தவர்களிலும் பலருக்குக் கண்ணீர் வற்றிப்போகிறது. சிலருக்குப் பார்வையே போகிறது.

இதில் குறித்துக்கொள்ள வேண்டியது காலக்கணக்கு. பாம்பு கடித்தால் அப்போதே தெரியும். மருந்தின் இந்தச் சீற்றம் அப்படியன்று. மாத்திரை தொடங்கிய அன்றோ மறுநாளோ பெரும்பாலும் ஒன்றும் நிகழ்வதில்லை. பொதுவாக நான்கு நாள்களிலிருந்து நான்கு வாரங்களுக்குள் அது வருகிறது. சில மருந்துகளில் ஆறு வாரம்கூட ஆகிறது. அதற்குள் நோயாளி மருந்தைப் பற்றி மறந்திருப்பார். இடைப்பட்ட நாள்களில் வேறு மாத்திரைகளும் உள்ளே போயிருக்கும். முதல் காய்ச்சலுக்கே ஒரு மாத்திரை போட்டு, பழி அதன்மேல் விழுந்திருக்கவும்கூடும். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே ஒரு மாத இடைவெளி இருந்தால், அதை யார் இணைத்துப் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு நல்ல விடையொன்று தொழுநோய் மருத்துவத்திலிருந்து கிடைத்தது.

*

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920களில் தொடங்கப்பட்டது லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம். தோலில் எழுதப்பட்ட ஒரு நோய்க்காக மனிதர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட காலம் அது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயர் சட்டம் அவர்களைப் பிடித்து அடைத்துவைக்க அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. அச்சட்டம் முற்றாக நீக்கப்பட்டது 2016இல்தான் என்பதை இங்கே நினைவுகூரலாம். மருந்து என்று இருந்தது நீரடிமுத்து எண்ணெய் மட்டுமே. குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் வலிக்கும், பலன் நிச்சயமில்லை.

அவ்வில்லத்தின் தலைமை மருத்துவராக இருந்தவர் ராபர்ட் காக்ரேன். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். புகழ்பெற்ற கை அறுவை மருத்துவர் பால் பிராண்டைச் செங்கல்பட்டுக்கு அழைத்துச் சென்று, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைக் காட்டி அவரது வாழ்க்கையைத் திசைதிருப்பியவரும் அவரே. காக்ரேன் கையிலெடுத்த புதிய மருந்துதான் டாப்சோன்.

டாப்சோனின் பிறப்பு விந்தையானது. 1908இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஃபிரோம், விட்மன் என்ற வேதியியலாளர்கள் சாய ஆராய்ச்சியின் போக்கில் அதை உருவாக்கினார்கள். அது மருந்தாகும் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஏறக்குறைய முப்பதாண்டு அது ஆய்வுக்கூடத்துக் குப்பியிலேயே கிடந்தது. 1937இல் எலிகளில் கிருமிகளைக் கொல்வது தெரியவந்தபோதும், மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத நஞ்சு என்றே ஒதுக்கினார்கள். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் அதன் வழித்தோன்றலான புரோமின் என்னும் மருந்து நல்ல பலன் தந்தது. ஆனால் அதை நரம்பூசியாகவே செலுத்தவேண்டும், விலையும் அதிகம். ஏழை நாடுகளுக்கு அது எட்டாக்கனி. மூலப்பொருளான டாப்சோனையே நேரடியாகக் கொடுத்தால் என்ன என்று துணிந்தவர்களில் முன்னவர் காக்ரேன். 1946இல் செங்கல்பட்டில் அதை எண்ணெயில் கலந்து தோலுக்கடியில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் நைஜீரியாவின் உசுவாகோலியில் ஜான் லோ, சிறிய அளவில் வாய்வழி மாத்திரையாகவே கொடுக்கலாம் என்று காட்டினார். அத்தோடு தொழுநோய்க்கு மாத்திரை வந்துவிட்டது. அதுவும் மிகமலிவான மாத்திரை.

அந்த மாத்திரை நம் நாட்டில் என்ன செய்தது என்பதற்கு ஒரு தமிழரின் வாழ்க்கையே சான்று. வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர் என்று இலக்கிய வாசகர்கள் அறிந்த டி.என். ஜகதீசன், இளமையிலேயே தொழுநோய்க்கு ஆளானவர். அதை மறைக்காமல் வாழ்ந்து, விழுப்புரத்தை அடுத்த மழவந்தாங்கலில் கஸ்தூரிபா குஷ்ட நிவாரண நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். அடைத்துவைக்கும் இல்லங்களிலிருந்து ஊருக்குள் நடக்கும் சிகிச்சைக்கு இந்தியா நகர்ந்த கதையை அவர் தன் ஆங்கிலத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1955இல் போளம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் மரத்தடிகளையே மருத்துவமனையாக்கினார். குறித்த நாளில் குறித்த மரத்தடியில் வண்டி வந்து நிற்கும். நோயாளிகள் வந்து மாத்திரை வாங்கிப்போவார்கள். அதே ஆண்டு திருமணி இல்லம் மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று.

இத்தனை நன்மைக்கும் நடுவே ஒரு நிழல் தெரிந்தது. மாத்திரை தொடங்கி ஒரு மாதம் நன்றாக இருந்தவர்களில் சிலருக்கு, ஏறத்தாழ ஐந்தாம் வாரத்தில், திடீரென்று காய்ச்சல் வந்தது. உடலெங்கும் தடிப்பு பரவித் தோல் செதில் செதிலாக உரிந்தது. கழுத்தில் நெறிகட்டியது. கண் மஞ்சளானது, ஈரல் வீங்கியது. 1949இல் லோவும் அவருடைய சகாவான ஸ்மித்தும் இதைக் குறிப்பிட்டார்கள். 1951இல் ஆல்டே, பார்ன்ஸ் என்ற இருவர் இதற்கு 'டாப்சோன் நோய்க்குறி' என்று பெயரிட்டார்கள். மருந்து உண்ணும் நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது வருகிறது. வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார்.

தொழுநோயிலேயே 'ரியாக்சன்' எனப்படும் சீற்றம் உண்டு. நோயாளிகளும் அச்சொல்லையே சொல்வார்கள். சிகிச்சை நடக்கும்போதே தோல் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வரும். அப்போது மாத்திரையை நிறுத்தக்கூடாது. ஆனால் டாப்சோன் நோய்க்குறியில் மாத்திரையை உடனே நிறுத்தவேண்டும். ஒன்றில் தொடர்வது காப்பாற்றும், மற்றொன்றில் அதுவே கொல்லும். நோயின் சீற்றமா மருந்தின் சீற்றமா என்று பிரித்தறிவதில் உயிர் ஊசலாடியது.

ஐந்து வார இடைவெளியைத் தாண்டி இந்த மருத்துவர்களால் எப்படிக் காரணத்தைப் பிடிக்க முடிந்தது? அவர்களுடைய நோயாளி உண்டது பெரும்பாலும் ஒரே மருந்து. தொடங்கிய தேதி ஏட்டில் இருந்தது. பார்த்துக்கொண்டவர்கள் அதே ஆள்களை வாரந்தோறும் திரும்பப் பார்த்தார்கள். மருந்தின் பெயர், தொடங்கிய நாள், தொடர்ந்து பார்க்கும் கண்கள். உயர்ந்த கருவி எதுவும் இல்லாத காலத்தில் இம்மூன்றுமே போதுமாக இருந்தன.

*

அடுத்த அத்தியாயம் காசநோயுடையது. ஒருகாலத்தில் காசநோயாளியை நல்ல காற்றுள்ள இடத்தில் படுக்கவைப்பதே சிகிச்சை. கொங்கு நாட்டில் பெருந்துறை அப்படிப் பெயர்பெற்ற இடம். பின்னாளில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் ஊரார் நாவில் 'சானடோரியம்' என்ற சொல் நிலைத்துவிட்டது.

இந்த முறையையே மாற்றியது சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம். பிரிட்டனின் வாலஸ் ஃபாக்ஸ் அங்கே நடத்திய ஆய்வின் முடிவு 1959இல் வெளிவந்தது. நெரிசலான வீடுகளில், போதிய உணவின்றி, வீட்டிலேயே மாத்திரை உண்ட ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு அந்த ஆய்வு ஒரு பெருங்காரணம். சென்னை உலக மருத்துவத்துக்குத் தந்த கொடைகளில் தலையாயது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அந்த மாற்றத்தில் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. நோயாளியோடு சிகிச்சையும் வீட்டுக்குப் போயிற்று. தாதி மருத்துவமனையிலேயே நின்றுவிட்டாள். வள்ளுவரின் நான்காவது கூறு அம்மாவின் தலையிலும் மனைவியின் தலையிலும் விழுந்தது. அவர்களுக்கு எதைக் கவனிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி.

ஏனெனில் 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்தில் ஐசோனியாசிட்டோடு கொடுக்கப்பட்ட இணைமருந்து தயாசிட்டசோன். சல்ஃபா மருந்துக்காக நோபல் பரிசு பெற்ற கெர்ஹார்ட் டோமாக்கின் குழு 1940களில் கண்டுபிடித்தது. அதன் தகுதி மலிவு. பக்கவிளைவு தோல் உரிதல். பெரும்பாலோர் தாங்கிக்கொண்டார்கள். ஆகவே அது ஏழை நாடுகளில் பல்லாண்டுகள் நீடித்தது. வசதியுள்ள நாடுகள் வேறு மருந்துகளுக்குப் போய்விட்டன. எச்.ஐ.வி. வந்த பிறகுதான் கணக்கு தப்பியது. 1991இல் நைரோபியிலிருந்து வந்த ஆய்வு, எச்.ஐ.வி. தொற்றுள்ள காசநோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு அம்மருந்து தோல் சீற்றத்தை உண்டாக்கியதாகவும் சிலர் இறந்ததாகவும் சொன்னது. தொற்றுள்ளவர்களுக்கு அதைத் தரக்கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இந்தியாவில் 1990களில் வந்த திருத்தப்பட்ட திட்டத்தின் முதன்மை மருந்துகளில் அதற்கு இடமில்லை.

எச்.ஐ.வி. என்றதும் கொங்கு நாட்டவர் நினைவுக்கு வருவது நாமக்கல். 1986இல் சென்னையில் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தது. அடுத்த பத்தாண்டுகளில் லாரித்தொழிலின் தலைநகரான நாமக்கல், தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாயிற்று. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது. அந்தக் கூட்டுமருந்தில் நெவிரபின் என்ற ஒன்று இருந்தது. உயிர் தந்த மருந்து. ஆனால் தோலையும் ஈரலையும் தாக்கக்கூடியது. எனவே முதல் 14 நாள்கள் பாதி அளவு, தடிப்பு ஏதும் இல்லையென்றால் மட்டும் முழு அளவு என்ற விதி வகுக்கப்பட்டது. செங்கல்பட்டின் பாடம் இங்கே விதியாகவே எழுதப்பட்டுவிட்டதைக் கவனிக்கலாம். மருந்தைக் கொடுப்பவரே நோயாளியிடம் 'தோலில் ஏதாவது வந்தால் உடனே வா' என்று சொல்லியனுப்பினார். பின்னர் இன்னும் பாதுகாப்பான மருந்துகள் நெவிரபினின் இடத்தைப் பிடித்தன.

*

இந்நோய் இந்தியாவின் உச்சநீதிமன்றம்வரை சென்றதும் உண்டு. அமெரிக்காவில் வாழ்ந்த குழந்தை உளவியலாளர் அனுராதா சாகா 1998இல் விடுமுறைக்குக் கொல்கத்தா வந்திருந்தபோது தோலில் தடிப்பு கண்டது. நெடுநேரம் செயல்படும் ஒரு ஸ்டீராய்டு ஊசி வழக்கத்துக்கு மாறான அளவில் தரப்பட்டது. நிலைமை மோசமாகி மும்பைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மே 28 அன்று நச்சு மேல்தோல் சிதைவால் இறந்தார். மருத்துவரான கணவர் குணால் சாகா பதினைந்தாண்டுகள் வழக்காடினார். கவனக்குறைவை 2009இல் உறுதிசெய்த உச்சநீதிமன்றம் 2013இல் ஏறத்தாழ 6 கோடி ரூபாயும் வட்டியும் இழப்பீடாக விதித்தது. இந்திய மருத்துவ வழக்குகளில் அதுவரை அவ்வளவு பெரிய தொகை விதிக்கப்பட்டதில்லை.

தொகையைப் பற்றியே செய்தித்தாள்கள் எழுதின. நாம் கவனிக்கவேண்டியது வேறு. அத்தீர்ப்பு ஸ்டீராய்டின் அளவை மட்டும் பேசவில்லை. இந்நோய்க்கு அடிப்படையான துணைச் சிகிச்சை தரப்படாததையும் பேசியது. எந்த மருந்து இந்நோயைத் தணிக்கும் என்பதில் மருத்துவர்களுக்குள் இன்றும் விவாதம் உண்டு. விவாதமில்லாதவை சில. சந்தேகத்துக்குரிய மருந்தை உடனே நிறுத்துவது. இழந்த நீரை ஈடுகட்டுவது. உடம்பைக் கதகதப்பாக வைப்பது. கழன்ற தோலில் துணி ஒட்டாமல் பார்ப்பது. கண்களை முதல் நாளிலிருந்தே காப்பது. கிருமி அண்டாமல் தூய்மையாக வைப்பது. இவற்றில் பெரும்பகுதி அருகிலிருந்து பார்த்துக்கொள்பவரின் வேலை.

மரபணு ஆராய்ச்சி இன்னொரு கதவைத் திறந்திருக்கிறது. 2004இல் தைவான் ஆய்வாளர்கள், கார்பமசிபைன் என்னும் வலிப்பு மருந்தின் தோல் சீற்றம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகையோடு பிணைந்திருப்பதைக் காட்டினார்கள். 2009இல் வெளிவந்த ஒரு சிறிய இந்திய ஆய்விலும் எட்டு நோயாளிகளில் அறுவரிடம் அதே வகை இருந்தது. டாப்சோனுக்கு விடை 2013இல் சீனாவிலிருந்து வந்தது. எச்.எல்.ஏ.–பி 13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களையே அது பெரிதும் தாக்குகிறது. அவ்வகை ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் ஏறக்குறைய இல்லை. சீனரிடமும் இந்தியரிடமும் உண்டு. பின்னர் சீனாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழுநோயாளிகளைச் சோதித்து, அவ்வகை இல்லாதவர்களுக்கு மட்டும் டாப்சோன் தந்தபோது ஒருவருக்கும் அந்நோய்க்குறி வரவில்லை. ஐந்தாம் வாரத்துப் புதிர் அவிழ்ந்ததற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின.

ஆனால் சோதனை செய்ய ஆய்வுக்கூடமும் பணமும் வேண்டும். பவானிசாகரிலோ கடம்பூரிலோ மருந்துக்கடை வாசலில் நிற்பவருக்கு அது இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

*

அங்கேதான் நாம் அம்மைக்குத் திரும்பவேண்டியிருக்கிறது.

அம்மை வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. நிதானமாகப் பார்த்தால் அது அவ்வளவு எளிதல்ல. அம்மை என்று பெயரிட்ட கணத்தில் எல்லா மாத்திரைகளும் நிறுத்தப்படுகின்றன. மருந்துச் சீற்றமாக இருந்தால் செய்யவேண்டிய முதல் காரியம் அதுவே. நோயாளி தனித்து வைக்கப்படுகிறார்; ஒருவர் மட்டும் சுத்தமாக இருந்து கவனிக்கிறார். நீராகாரம் தொடர்ந்து தரப்படுகிறது. அம்மை முற்றினால் வாழையிலையில் கிடத்தும் வழக்கமும் இருந்தது. மும்பை சயான் மருத்துவமனையின் மதுரி கோரே வாழையிலையைத் தீக்காயங்களுக்கான கட்டுப்பொருளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சி தரும், செலவில்லை என்பதால் இந்தியத் தோல் மருத்துவர்கள் தோல் உரிந்தவர்களுக்கு அதைப் படுக்கையாகவே பயன்படுத்துகிறார்கள். சத்தியமங்கலத்தைச் சுற்றியுள்ள வாழைத்தோட்டங்களில் அதற்குப் பஞ்சமில்லை. பல தலைமுறைகள் பெரியம்மையோடு வாழ்ந்தவர்கள், தோலிழந்த உடம்பை எப்படித் தொடுவது என்று அறிந்திருந்தார்கள்.

அந்த அறிவின் எல்லையையும் சொல்லியாகவேண்டும். அது பொறுமையாகக் காத்திருக்கும் அறிவு. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் என்று அதற்கு ஒரு நாள்காட்டி உண்டு. மருந்துச் சீற்றம் அந்த நாள்காட்டிக்குக் கட்டுப்படுவதில்லை. காலையில் கண் சிவந்து உதடு வெந்தவருக்கு மறுநாள் முதுகுத்தோல் கழன்றிருக்கலாம். கண்ணைக் காக்கவேண்டிய நாள்கள் முதல் சில நாள்களே. தாளவாடியிலிருந்து இறங்குபவர்களுக்குத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. காட்டுவிலங்குகளின் பொருட்டு 2022 பிப்ரவரியில் அச்சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோதும் அவசர ஊர்திகளுக்கு விலக்கு இருந்தது. ஆனால் ஊர்தியை அழைக்கவேண்டிய நோய் இது என்று வீட்டில் ஒருவருக்குத் தோன்றவேண்டுமே. 'அம்மை' என்ற சொல் அந்த எண்ணத்தைத் தோன்றவிடுவதில்லை.

தோல் தொட்டால் வலிப்பது, வாயிலும் கண்ணிலும் ஒருசேரப் புண் வருவது, தடிப்பு கருஞ்சிவப்பாகிக் கொப்புளிப்பது, முகம் வீங்குவது, இவற்றுக்கு முந்தைய ஆறு வாரங்களுக்குள் ஏதேனும் புது மாத்திரை தொடங்கியிருப்பது. இவை சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. வலிப்பு மாத்திரை, சல்ஃபா மாத்திரை, யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால், சில வலி மாத்திரைகள், காசநோய் மாத்திரைகள் ஆகியவை அடிக்கடி குற்றவாளிக் கூண்டில் நிற்பவை. இவற்றில் பல, உயிர்காக்கும் மருந்துகள். பயந்து யாரும் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. அறிகுறி வந்தபின் தொடரவும் கூடாது.

மருத்துவமனை வாசலில் கேட்கப்படும் முதல் கேள்வி, 'என்ன மாத்திரை சாப்பிட்டீங்க, எப்பவிருந்து?' என்பது. நம் வீடுகளில் அதற்கு விடை பெரும்பாலும் 'மஞ்சக் கலர்ல சின்னதா ஒண்ணு' என்பதே. 'ரெண்டு வேளைக்குக் குடுங்க' என்று கேட்டு, அட்டையிலிருந்து வெட்டித் தாளில் மடித்துத் தரப்பட்ட மாத்திரைகளுக்குப் பெயர் இல்லை. பெயர் தெரியாத மருந்தை மறுமுறை தவிர்க்கவும் முடியாது. 'அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல' என்று சொல்லத் தமிழுக்குத் தெரியும். எந்த மாத்திரை என்பதுதான் தொலைந்துபோகிறது. தோல் அப்படி மறப்பதில்லை. சிலருக்கு ஒரே மாத்திரை ஒவ்வொருமுறையும் உடம்பில் அதே இடத்தில் அதே கருந்தழும்பை எழுப்புவதைத் தோல் மருத்துவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். மனிதர் மறந்த பெயரை அவருடைய தோல் வருடக்கணக்காக நினைவில் வைத்திருக்கிறது.

இந்தியாவில் மருந்துப் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010இல்தான் தொடங்கியது. காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் இப்போது அதை நடத்துகிறது. மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியோ உறவினரோகூட அதற்குத் தெரிவிக்கலாம். ஆனால் அந்தப் படிவத்திலும் நிரப்பவேண்டிய முக்கியமான கட்டம் மருந்தின் பெயர்தான். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தொழுநோய் மருத்துவர்கள் ஐந்தாம் வாரத்தின் கண்ணியைப் பிடித்தது, அவர்களுடைய ஏட்டில் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருந்ததால். சேத்துப்பட்டு ஆய்வுக்குப் பிறகு சிகிச்சை வீட்டுக்கு வந்துவிட்டது, ஏடு வரவில்லை. வீட்டிலே நான்காமவராக இருக்கும் நம் அம்மாக்கள், மனைவிமார், பிள்ளைகள் கையில் அந்த ஏட்டைக் கொடுக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. மாத்திரையைத் தாளில் மடித்து வாங்காமல் அட்டையோடு வாங்கி, தொடங்கிய தேதியை அதன் முதுகில் எழுதி, தீர்ந்தபின்னும் ஆறு வாரம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டுவைத்தால் போதும்.